வெள்ளம் வருமுன் ஒரு நீலக் கோப்பு: இலங்கையின் கிழக்கில் சிறு தொழில் செய்பவர்களுக்கு அவசரக் கடன் நிவாரண வழிகாட்டி

உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தால் எங்கள் பக்கத்தில் அரிசி, மெழுகுதிரி, பால்மா என்று வாங்கி வைப்பார்கள். நான் ஒரு நீலக் கோப்பைப் பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றுகிறேன். மனைவிக்கு அது இன்றும் சிரிப்பு. ஆனால் 2019இலும் 2020இலும் அந்தக் கோப்பு என்னிடம் இல்லாததால் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கல்லடியில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு, பாசிக்குடா ஹோட்டல்களுக்குத் துப்புரவுப் பணியாளர்களையும் சமையலறை உதவியாளர்களையும் வழங்கும் தொழிலைத் தொடங்கினேன். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஹோட்டல்கள் வெறிச்சோடின. சுற்றுலாத் துறைக் கடன்களின் முதலையும் வட்டியையும் 2020 மார்ச் 31 வரை ஒத்திவைக்க அரசாங்கம் வழி செய்தது. ஹோட்டல்காரர்களுக்கு மூச்சு வந்தது. அதே ஹோட்டல்களுக்கு ஆள் கொடுத்த நான் வங்கிக்குப் போனபோது கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்குச் சுற்றுலாத் துறைப் பதிவு இருக்கிறதா?" என்பதுதான். இல்லை. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. மத்திய வங்கி 4 வீத வட்டியில் தொழிற்படு மூலதனக் கடன், அதாவது சம்பளம், வாடகை போன்ற அன்றாடச் செலவுக்கான கடன், அறிவித்தது. அப்போது என்னிடம் பதிவு இருந்தது, ஆனால் சம்பளம் கொடுத்ததற்குச் சான்று இல்லை. பதினெட்டுப் பேருக்கு மாதாமாதம் கையில் எண்ணிக் கொடுத்த காசுக்கு ஒரு கொப்பியும் அதில் சில கையெழுத்துகளும்தான். அந்தக் கொப்பியை வங்கி உத்தியோகத்தர் இரண்டு தரம் புரட்டிவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் தொழிலாளர் வழங்குபவராக இருக்கலாம், களுவாஞ்சிக்குடியில் பேக்கரி வைத்திருக்கலாம், சம்மாந்துறையில் நெல் குற்றலாம், பொத்துவிலில் விருந்தினர் விடுதி நடத்தலாம். கேட்கிற தாள்கள் பெரும்பாலும் ஒன்றேதான்.

நிவாரணம் என்றால் என்ன, எது அல்ல

பேரிடர் ஒன்று வந்ததும் "அரசாங்கம் லோன் தருகிறதாம்" என்ற பேச்சு பரவும். அதற்குள் நான்கு வெவ்வேறு விடயங்கள் கலந்து கிடக்கும். ஏற்கெனவே இருக்கும் கடனின் தவணைகளைத் தள்ளிப்போடுவது ஒன்று; இதைக் கடன் ஒத்திவைப்பு என்கிறார்கள். கடனின் காலத்தை நீட்டித் தவணையைச் சிறிதாக்குவது இன்னொன்று; அது மறுசீரமைப்பு. குறைந்த வட்டியில் புதிய கடன் தருவது மூன்றாவது. நான்காவது, சேதத்துக்கான கொடுப்பனவு. அது கடனே அல்ல, பிரதேச செயலகம் வழியாக வருவது. எந்த வரிசையில் நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பவர்களை ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பார்க்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் குழப்பத்தைக் கூட்டுவார்கள். அமெரிக்காவில் 2020இல் சம்பளப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருந்தது. ஒரு வீத வட்டிதான். கிடைத்த பணத்தில் குறைந்தது 60 வீதத்தை ஊழியர் சம்பளத்துக்குச் செலவிட்டு மற்ற விதிகளையும் நிறைவேற்றினால் கடனையே தள்ளுபடி செய்தார்கள். ஆள் வழங்கும் நிறுவனங்களும் அதில் பயனடைந்தன. என் மைத்துனர் தொலைபேசியில் அதைச் சொல்லி, "நீயும் எடு, பிறகு வெட்டிவிடுவார்கள்" என்றார். நம் நாட்டுச் சலுகைக் கடனை அப்படி நினைத்து எடுக்க வேண்டாம். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது உண்மை. அது வேறு கதை. வங்கியில் கையெழுத்து வைத்து எடுக்கும் சலுகைக் கடன் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்

இதை வெயில் காலத்திலேயே செய்துவிடுங்கள். வெள்ளம் வந்த பிறகு கிராம உத்தியோகத்தரின் வாசலில் ஊரே நிற்கும்.

முதல் தாள் வியாபாரப் பெயர்ப் பதிவு. தனியாள் தொழிலையோ பங்காளித் தொழிலையோ உங்கள் பிரதேச செயலகத்தில் பதியலாம். கடை சொந்தமா வாடகையா என்பதற்கான ஆவணம், அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் அறிக்கை எல்லாம் கேட்பார்கள். ஓர் இடத்தில் கவனம் தேவை: தொழிலின் தன்மை என்று ஒரு கட்டம் இருக்கும். "பொது வியாபாரம்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் முடித்தேன். நீங்கள் ஹோட்டல்களுக்கு ஆள் வழங்குகிறீர்கள் என்றால் அதையே எழுதுங்கள். சலுகைகள் துறைவாரியாக அறிவிக்கப்படும்போது அந்தக் கட்டத்தில் உள்ள சொல்தான் உங்களுக்காகப் பேசும்.

அடுத்தது மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ எடுக்கும் வருடாந்த வியாபார உரிமம். அதன் பிறகு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி இலக்கம். "வரி கட்டும் அளவுக்கு உழைக்கவில்லையே" என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இலக்கம் எடுப்பதும் வரி கட்டுவதும் இரண்டு வேறு விடயங்கள்.

தொழிலின் பெயரில் ஒரு நடைமுறைக் கணக்கு வேண்டும். வரும் காசும் போகும் காசும் அதன் வழியாகவே போகட்டும். சாய்ந்தமருதில் தளபாடக் கடை வைத்திருக்கும் காக்கா ஒருவர் நன்றாக வியாபாரம் செய்கிறார்; வரவு முழுவதும் மனைவியின் சேமிப்புக் கணக்குக்குப் போனது. கடன் கேட்டுப் போனபோது அவருடைய தொழில் கணக்கில் ஆறு மாதத்துக்கு நான்கே வரவுகள். வங்கியின் கண்ணுக்கு அவர் கடையைத் திறக்கவே இல்லை.

ஆள் வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு மிகக் கனமான தாள் ஊழியர் சேமலாப நிதியும் (EPF) ஊழியர் நம்பிக்கை நிதியும் (ETF)தான். ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் பதிய வேண்டும். தொழில் அலுவலகத்தில் டி படிவம் நிரப்பிக் கொடுத்தால் நிறுவனத்துக்கு ஓர் இலக்கம் கிடைக்கும். சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு உங்கள் பக்கம் மட்டும் 3 வீதம். 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அந்தச் சம்பளத்தில் ஒருவரை வைத்திருந்தால் அவருடைய சம்பளத்தில் 2,400 ரூபாயைக் கழிக்க வேண்டும். உங்கள் பையிலிருந்து 3,600உம் 900உம், ஆக 4,500 ரூபாய் போகும். பதினெட்டுப் பேருக்கு மாதம் 81,000. கசக்கும்தான். வாடிக்கையாளரிடம் விலை பேசும்போதே இந்த 15 வீதத்தைச் சேர்த்துப் பேசாதவர் இந்தத் தொழிலில் நிலைக்க மாட்டார். அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தாவிட்டால் சேமலாப நிதிக்கு 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும்.

இத்தனையும் ஏன் கடனோடு சேர்த்துச் சொல்கிறேன் என்றால், ஆள் வழங்கும் நிறுவனத்திடம் இயந்திரம் கிடையாது, களஞ்சியம் கிடையாது, காட்டுவதற்கு ஒரு தையல் மெசின்கூடக் கிடையாது. சேமலாப நிதிக்குக் காசு கட்டும்போது கொடுத்து மாதாமாதம் முத்திரை வாங்கிய சி படிவங்கள்தான் "இந்த நிறுவனத்தில் இத்தனை பேர் உண்மையிலேயே வேலை செய்கிறார்கள்" என்பதற்கு வங்கி நம்பும் சான்று. அவற்றோடு ஊழியர்களின் வரவுப் பதிவேடு, சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர்களுடன் செய்த சேவை ஒப்பந்தங்கள், இன்னும் காசு வராத விலைப்பட்டியல்களின் பட்டியல் ஆகியவற்றையும் வையுங்கள். கடைசியில் சொன்ன பட்டியலில் யார் தர வேண்டும், எவ்வளவு, எத்தனை நாளாகிறது என்று மூன்று நிரல் போதும். நாங்கள் மாத முடிவில் சம்பளம் கொடுக்கிறோம், ஹோட்டல் அறுபது நாள் கழித்துத் தருகிறது. அந்த அறுபது நாள்தான் எங்களுக்குத் தொழிற்படு மூலதனம் தேவைப்படும் இடம். அதைத் தாளில் காட்டினால் வங்கிக்குப் புரியும்; வாயால் சொன்னால் புலம்பலாகக் கேட்கும்.

காவலாளிகளை வழங்குபவர்கள் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அமைச்சில் பதிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புபவர்களுக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் கட்டாயம். இவை இல்லாமல் கடன் மேசைக்குப் போவது வீண். தொழில் நடத்துவதே சட்ட மீறல்.

காணி உறுதி பற்றிக் கேட்பீர்கள். கிழக்கில் நிறையப் பேரிடம் இருப்பது உறுதி அல்ல, அரச காணிக்கான அனுமதிப்பத்திரம். பெர்மிற் காணியை ஈடாக வைக்க எல்லா வங்கியும் முன்வராது. வைப்பதென்றாலும் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். ஆகவே பிணையாளிகள் இருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஈடு போதாத சிறு தொழில்களுக்குப் பகுதி உத்தரவாதம் வழங்கவென்று தேசியக் கடன் உத்தரவாத நிறுவனம் என்று ஒன்று இயங்குகிறது. நாம் நேரே போக முடியாது, வங்கி வழியாகத்தான். முகாமையாளர் தாமாகச் சொல்ல மாட்டார். நீங்கள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கிரிப்பில் பெயர் இருக்கிறதா

கடன் தகவல் பணியகத்தைத்தான் ஊரில் "கிரிப்" என்கிறோம். "கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது, இனி ஜென்மத்துக்கும் லோன் இல்லை" என்பது நம்மிடையே உள்ள பெரிய பயம். கடன் எடுத்த எல்லோருடைய பெயரும் அங்கே இருக்கும், ஒழுங்காகக் கட்டியவருடையதும்தான். பணியகம் யாரையும் தடை செய்வதில்லை. தரவைக் கொடுக்கிறது, தீர்மானிப்பது வங்கி. உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். வருடம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மறந்துபோன பழைய கடனட்டை மிச்சம், எப்போதோ நண்பருக்கு வைத்த பிணை எல்லாம் அதில் தலைகாட்டும்.

அனர்த்தம் வந்த பிறகு: முதல் பத்து நாள்

தண்ணீர் வடியும் முன்பே படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, நனைந்த பொருட்கள், கடையின் பெயர்ப்பலகை மூன்றும் தெரியும்படி எடுத்தால் நல்லது. 2024 நவம்பர் வெள்ளத்தில் ஓர் அக்கா முதல் வேலையாகக் கடையைக் கழுவிச் சுத்தமாக்கிவிட்டார். பிறகு பார்வையிட வந்தவர்களுக்குக் காட்ட அவரிடம் பளபளக்கும் தரைதான் இருந்தது.

சேதத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் பதியுங்கள். அவருடைய அறிக்கைதான் பிரதேச செயலகத்துக்குப் போகும். காப்புறுதி இருந்தால் அன்றே நிறுவனத்துக்கு அறிவியுங்கள். தொழிலாளர் வழங்குபவர்களுக்குக் கட்டடம் நனையாமலே நட்டம் வரும்: ஹோட்டல் மூடினால் எங்கள் வருமானம் போகிறது. அப்படியானால் "அடுத்த அறிவித்தல் வரை ஆட்கள் வேண்டாம்" என்று வாடிக்கையாளரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னால், "தயவுசெய்து மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அந்த ஒரு வரி பிறகு பெறுமதியாகும்.

பிறகு வங்கி. புதிய கடன் தேடி ஊர் சுற்றுமுன், ஏற்கெனவே கடன் இருக்கும் கிளைக்குப் போங்கள். ஒத்திவைப்பு தானாக வரும் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் குறித்த திகதிக்குள் எழுத்தில் கேட்டால்தான் கிடைக்கும். தவணை 90 நாள் தவறினால் வங்கி அதைச் செயற்படாக் கடன், அதாவது ஒழுங்காகத் திரும்பி வராத கடன், என்று குறித்துவிடும். அதற்கு முன்னால் போகிறவரோடு வங்கி பேசும் தொனி வேறு, அதற்குப் பின்னால் போகிறவரோடு பேசும் தொனி வேறு.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நான் எழுதும் விதம் இது:

"மேற்படி கடன் கணக்கின் தவணைகளை இதுவரை ஒழுங்காகச் செலுத்தி வந்துள்ளேன். வெள்ள அனர்த்தம் காரணமாக எனது மூன்று வாடிக்கையாளர்கள் சேவையை இடைநிறுத்தியுள்ளனர் (கடிதங்கள் இணைப்பில்). இதனால் மாத வருமானம் ஆறு இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சமாகக் குறைந்துள்ளது. கடன் முதலுக்கான தவணைகளை ஆறு மாதங்களுக்கு ஒத்திவைத்து, வட்டியை மட்டும் செலுத்த அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏழாவது மாதம் முதல் தவணைகளைச் செலுத்தும் விதம் இணைத்துள்ள வரவு செலவு மதிப்பீட்டில் உள்ளது."

எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். "ஏதாவது உதவி செய்யுங்கள் ஐயா" என்று எழுதினால் அவரால் கோப்பில் எதையும் குறிக்க முடியாது. எத்தனை மாதம், முதலா வட்டியா இரண்டுமா என்று கேட்டால்தான் ஆம் அல்லது இல்லை வரும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வாருங்கள். இதை மறந்தால் நீங்கள் போனதற்கே அத்தாட்சி இல்லை.

தவணை ஏற்கெனவே தவறிவிட்டதென்றால் கதவு அடைபட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். நலிந்த தொழில்களை மீட்பதற்கென்று தனிப்பிரிவு அமைக்கும்படி 2024இல் மத்திய வங்கி வங்கிகளுக்குப் பணித்தது. கிளையில் தெரியவில்லை என்றால் தலைமை அலுவலகத்திடம் அந்தப் பிரிவைக் கேளுங்கள். ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விடும் பராட்டே அதிகாரத்தை 2024இல் இடைநிறுத்தினார்கள் என்பது பலருக்கு நினைவிருக்கும். அது 2025 மார்ச் 31 வரைதான். அந்தப் பழைய செய்தியை நம்பி ஏல அறிவித்தலை இழுப்பறைக்குள் போட்டு வைக்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

கடன் ஒத்திவைப்பில் வட்டி உறங்குவதில்லை. 10 இலட்சம் மிச்சம், 14 வீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி ஏறத்தாழ 11,667 ரூபாய். ஆறு மாதத்தில் 70,000. அதை யார், எப்போது, எந்த வீதத்தில் கட்டுவது? முதலோடு சேருமா, தனிக் கடனாகுமா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் விடை வாங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். வட்டியை மட்டுமாவது கட்ட முடிந்தால் கட்டிவிடுவதே என் பழக்கம்.

குறைந்த வட்டியிலும் ஒரு பொறி உண்டு. 2020இன் 4 வீதக் கடனுக்கு மொத்தக் காலம் 24 மாதம், அதில் சலுகைக் காலம் 6 மாதம். 10 இலட்சம் எடுத்தவர் முதலை மீதிப் பதினெட்டு மாதத்தில் கட்ட வேண்டும்: மாதம் 55,556 ரூபாய், வட்டி வேறாக. வட்டியைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் தவணையைப் பார்க்கவில்லை. தொழில் மெதுவாகத் திரும்பும் ஊரில் வட்டி வீதத்தைவிடக் கடனின் காலம் முக்கியம். கூடிய தொகை எவ்வளவு கிடைக்கும் என்று கேட்காதீர்கள். இரண்டு மாதச் சம்பளமும் வாடகையும் சேர்த்தால் எவ்வளவு என்று கணக்கிட்டு அதைக் கேளுங்கள்.

தரகர்களைப் பற்றி ஒரு சொல். ஒவ்வொரு அனர்த்தத்துக்குப் பிறகும், "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது, பத்து வீதம் தந்தால் போதும்" என்று ஒருவர் வருவார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்தும் கேட்பார். தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கடன் வரும்வரை சமாளிக்க மீற்றர் வட்டிக்கு, அதாவது மீற்றர் ஓடுவதுபோல் ஏறும் கொடிய வட்டிக்கு, வாங்குபவர்களும் உண்டு. சலுகைக் கடன் வந்ததும் அது முழுவதும் மீற்றர் வட்டிக்காரரின் கைக்குத்தான் போகிறது.

மறுத்தால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "சுற்றறிக்கையில் இல்லை" என்றால் எந்தச் சுற்றறிக்கை, எந்தப் பந்தி என்று பணிவாகக் கேட்கலாம். மத்திய வங்கியின் சுற்றறிக்கைகள் அதன் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. அச்செடுத்துக் கொண்டு போனால் உரையாடல் வேகமாக முடியும். முதலில் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவு. அங்கும் சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். தமிழில் பேசுங்கள், தமிழில் எழுதுங்கள், அது உரிமை. திகதி முத்திரை வாங்கிய பிரதி இங்கேதான் உதவும்.

பணம் வந்த அன்று

முதலில் ஊழியர் சம்பளம், அன்றே நிலுவையில் இருக்கும் சேமலாப நிதி. தொழிற்படு மூலதனம் என்று எடுத்த காசில் வாகனத்துக்கு முற்பணம் கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். நான்காம் மாதம் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் அதே வாகனத்தை நட்டத்துக்கு விற்றார். முதல் தவணைத் திகதிக்கு மூன்று நாள் முன்னதாகக் கணக்கில் காசு நிற்கும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுத்துவிடுங்கள். சம்பளத்தை ஒவ்வொருவரின் கணக்குக்கும் தனித்தனியே அனுப்பி, வங்கி தரும் பட்டியலை அச்செடுத்துத் துளையிட்டு, சி படிவத்துக்குப் பின்னால் கோப்பில் சேருங்கள்.